இரண்டு பேருக்கான கரவன்

பிளேஸ்டோ, லண்டன்
14.3.1993

அன்புள்ள மலருக்கு,

நான் இங்கே சுகம். நீரும் மகள் நளாயினியும் மருமகனும் பேத்தியும் சுகமாயிருக்க முருகன் பார்த்துக்கொள்வான். குளிருக்கு என் இடது முழங்கால் இடக்குப் பண்ணுகிறது. மற்றப்படி குறையொன்றுமில்லை.

இதை ரெலிபோனில் சொல்லத்தான் நினைத்தேன். உமது சம்பந்தி அம்மா பக்கத்தில் நின்று "ஆர்? லண்டனோ? என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தா. சொல்ல வந்தது உள்ளே போய்விட்டது. ஆகவே எழுதுகிறேன்.

போன ஞாயிறு பஸ்தியாம்பிள்ளை என்னை எசெக்ஸ் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். டிப்போவில் என்னோடு பஸ் ஓட்டியவர், கையை ஆட்டி ஆட்டிக் கதைப்பாரே, அவர்தான். எங்கள் பழைய இன்ஸ்பெக்டர் ஒருவர் தன் கரவனை விற்கிறார், அதைப் பார்க்கப் போனோம். கரவன் என்றால் சக்கரம் பூட்டிய வீடு. காரால் இழுக்கிற வகை அல்ல, எஞ்சின் உள்ளது, பஸ் மாதிரி நாமே ஓட்டலாம். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் எல்லாம் உள்ளுக்குள் இருக்கிறது. இன்ஸ்பெக்டரும் மனைவியும் ஏழெட்டு வருஷம் அதிலேயே குடியிருந்தார்களாம். இப்படி வருஷம் முழுவதும் கரவனிலேயே சீவிக்கிற சனம் இந்த நாட்டில் நிறைய உண்டு.

கரவனை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. அதற்கென்று ஒரு கிளப் இருக்கிறது. ஒருமுறை கட்டணம் கட்டி அங்கத்தவராகிவிட்டால், கோர்ன்வாலிலிருந்து ஸ்கொட்லாந்து வரை அவர்களுக்குள்ள இடங்களில் ஆயுள் முழுக்க மாறி மாறித் தங்கலாம். ஓரிடத்தில் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், பிறகு அடுத்த இடம். அங்கத்துவத்தை இரண்டு பேருக்கும் சேர்த்து எடுக்கலாம். கட்டின காசு திரும்பி வராது என்பதால் யோசித்துத்தான் செய்ய வேண்டும். வீட்டை வாடகைக்குக் கொடுக்கலாம். பஸ்தியாம்பிள்ளையின் பெறாமகள், அவர் தம்பியின் மகள் மெற்றில்டா குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒற்றை அறையில் நெருக்குப்படுகிறது.

வேலையை விட்ட பிறகு இந்த நாட்டைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று உமக்கு ஒருமுறை சொல்லியிருந்தேன். நான் லேட் ஷிப்ட், நீர் ஆஸ்பத்திரிக் கிச்சனில் காலை ஷிப்ட் என்று காலம் போய்விட்டது. உமக்கு விருப்பமென்றால் அங்கத்துவம் எடுப்போம். இல்லையென்றால் விட்டுவிடலாம். மகளின் பேறு பார்த்து முடித்து ஏப்ரலில் நீர் வந்ததும் ஆறுதலாகக் கதைப்போம்.

வேறு விசேஷமில்லை. பேத்திக்கு என் பங்குக்கும் ஒரு முத்தம் கொடும்.

இப்படிக்கு,
பத்மநாதன்


ஸ்காபுறோ, கனடா
2.4.1993

அன்புள்ள நளா அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சுட வைத்துப் பூசுங்கள். பூசமாட்டீர்கள், தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பிள்ளை எழும்பிவிட்டது. சம்பந்தி அம்மா என்ன விஷயம் என்று கேட்டா. கரவன் என்றேன். அவவுக்கு வான் என்று கேட்டிருக்கிறது. "இந்த வயதிலை வான் வாங்கி ஹயர் ஓடப்போறாரோ? பென்சன் காணாதோ?" என்று கவலைப்பட்டா. இப்போது ஸ்காபுறோ முழுக்க நீங்கள் வான் ஓடுகிறீர்கள்.

பதினைந்து வருஷம் ஒரே ரோட்டில் போய் வந்த மனுஷனுக்குத் திடீரென்று நாடு பார்க்கும் ஆசை வந்திருக்கிறது. வரட்டும். ஆனால் ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது. எனக்குச் சில கேள்விகள். சாமிப் படத்தை எங்கே வைப்பது? வாசல் எந்தத் திசை? மீன் பொரித்தால் அந்த மணம் எங்கே போகும்? நீங்கள் குறட்டை விட்டால் நான் எங்கே போவது?

இன்னொன்று. பிள்ளைக்குச் சளிக் காய்ச்சல் வந்து இப்போதுதான் தேறுகிறது. நளா வேலைக்குத் திரும்பிவிட்டாள். இந்த நேரத்தில் விட்டுவிட்டு வர மனமில்லை. ரிக்கற்றை ஓகஸ்டுக்கு மாற்றியிருக்கிறோம். கோபிக்க வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பாணும் சம்பலும் சாப்பாடல்ல.

அன்புடன்,
மலர்


பிளேஸ்டோ, லண்டன்
20.4.1993

அன்புள்ள மலருக்கு,

கடிதம் கிடைத்தது. சுகமாயிருக்கிறேன். எண்ணெய் பூசினேன், உண்மையாகவே பூசினேன்.

ஓகஸ்ட் என்றால் நல்லது. பிள்ளைதான் முக்கியம்.

உமது கேள்விகளுக்கு விடை. சாமிப் படத்துக்கு அடுப்புக்கு மேலே ஒரு தட்டு இருக்கிறது. ஓடும்போது படம் விழாமலிருக்கக் கொளுக்கி போட வேண்டும், அதை நான் செய்துவிடுவேன். வாசல் திசை பற்றிக் கேட்டீர். நிறுத்துகிற பக்கம்தான் திசை. கிழக்கு வேண்டுமென்றால் கிழக்கே பார்க்க நிறுத்தலாம். உலகத்தில் எந்த வீட்டுக்காவது இந்த வசதி உண்டா? மீன் பொரித்தால் வெளியே மேசை போட்டுப் பொரிக்கலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். உமது இடியப்ப உரலும் புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியும் கீழ்த்தட்டில் வடிவாகப் போகும். வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இன்ஸ்பெக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

குறட்டைக்கு மட்டும் விடை தெரியவில்லை.

மாரிக் குளிர் காலத்தில் அநேகமான இடங்களை மூடிவிடுவார்கள். திறந்திருக்கிற சில இடங்கள் தெற்குக் கரையில் இருக்கின்றன. அங்கே குளிர் காற்று கொஞ்சம் கூடவாம். உமக்குக் கம்பளி வாங்கலாம். கிளப்காரர் செப்டெம்பர் முடிய முன்னம் சொல்லச் சொல்கிறார்கள், பிறகு கட்டணம் ஏறும். யோசித்து எழுதும். உமக்கு விருப்பமென்றால்தான்.

பக்கத்து வீட்டுக் கனகவல்லி அக்கா உம்மைக் கேட்டா.

இப்படிக்கு,
பத்மநாதன்


ஸ்காபுறோ
30.5.1993

அன்புள்ள நளா அப்பாவுக்கு,

உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நாங்கள் நலம். பிள்ளை குப்புறப் படுக்கிறாள், "ங்கா" என்கிறாள்.

அவசரமாக எழுதுகிறேன். எனக்கு இங்கே ஒரு வேலை கிடைத்திருக்கிறது. பெரிய உத்தியோகமல்ல. நளா வீட்டில் நிற்கிற நாட்களில் ஒரு தையல் கடைக்குப் போகிறேன். எங்கள் ஆட்கள் ஐந்தாறு பேர் ஒன்றாயிருந்து திரைச்சீலை தைக்கிறோம். கை வேலை செய்ய வாய் ஓயாது. மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டைத் திறந்து நடுவில் வைப்போம். பஸ்ஸில் தனியப் போய் வருகிறேன். முதல் நாள் வழி தவறிவிட்டது, இப்போது வழி தெரியாதவர்களுக்கு நான் காட்டுகிறேன்.

கரவன் விஷயம் உங்கள் விருப்பம்.

உங்கள் வீட்டு முன்பக்க ரோசா பூத்துவிட்டதா? காய்ந்த கிளைகளை வெட்டிவிடுங்கள்.

அன்புடன்,
மலர்


பிளேஸ்டோ
12.6.1993

அன்புள்ள மலருக்கு,

சுகம், சுகமறிய அவா. வேலை கிடைத்தது நல்லது. கண்ணைப் பார்த்துக்கொள்ளும், தையல் வேலை கண்ணைத் தின்னும்.

போன சனி, ஞாயிறு கரவனை இன்ஸ்பெக்டரிடம் இரவல் வாங்கிக்கொண்டு கடற்கரைப் பக்கமுள்ள கிளப்பின் இடமொன்றில் தங்கிப் பார்த்தேன். வாங்க முன்னம் இருந்து பார்ப்பதுதானே புத்தி. போய் நிறுத்தியதும் எனக்கு ஒரு யோசனை. வீடென்றால் குடிபூரல் வேண்டும். பால் காய்ச்சாமல் எப்படி உள்ளே படுப்பது? இப்படியான காரியமெல்லாம் நீர்தான் செய்வீர், நான் வாசலில் நிற்கிறதுதான் வழக்கம். இருந்தாலும் புதுச் சட்டி வாங்கி, கிழக்கே பார்க்க நின்று பாலை வைத்தேன். பொங்கி வழிய வேண்டும் என்பது தெரியும். எப்போது அடுப்பை அணைக்க வேண்டும் என்பது தெரியாது. நீர் ஏதோ ஒரு பாட்டு முணுமுணுத்துவிட்டு அணைப்பீர். எனக்குப் பாட்டு வரவில்லை. பால் பொங்கியது, வழிந்தது, கருகியது, உள்ளே ஒரே புகை. புகைமணி கத்தத் தொடங்கியது. பக்கத்துக் கரவன் வெள்ளைக்காரப் புருஷனும் பெண்சாதியும் மணல் வாளியோடு ஓடி வந்தார்கள். அந்த மனுஷி உள்ளே பாய்ந்து அடுப்பை அணைத்தா.

நான் விளக்கினேன். பாலை வேண்டுமென்றே பொங்கவிட்டேன், புது வீட்டுக்கு வந்தால் எங்கள் வழக்கம் இது என்றேன். அந்த மனுஷி யோசித்துவிட்டு, இதை வழக்கமாக யார் செய்வது என்று கேட்டா. மனைவி என்றேன். மனைவி எங்கே என்றா. கடைக்குப் போயிருக்கிறா என்று சொல்லிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. பின்னேரம் அவர்கள் வெளியே மேசை போட்டு நான்கு கோப்பை வைத்து என்னைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார்கள். உமக்காக ஒரு கோப்பை. அது ஆறிப்போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல சனம், மறுபடி ஒன்றும் கேட்கவில்லை.

கடைசிக் கடிதத்தில் "உங்கள் வீட்டு முன்பக்க ரோசா" என்று எழுதியிருந்தீர். அது நீர் நட்ட ரோசா. பூத்திருக்கிறது.

கிளப்காரர் ஒரு விதி சொல்கிறார்கள். இரண்டு பேர் அங்கத்துவமென்றால் இரண்டு பேரும் கந்தோருக்கு நேரே வந்து கையெழுத்து வைக்க வேண்டுமாம். ஓகஸ்டில் எப்படியும் வருகிறீர்தானே. நிற்க நேரமில்லையென்றால் கையெழுத்தை மட்டும் வைத்துவிட்டுத் திரும்பவும் போகலாம். உமக்கு விருப்பமென்றால்.

இப்படிக்கு,
பத்மநாதன்


ஸ்காபுறோ
5.7.1993

அன்புள்ள நளா அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாயிருக்க வேண்டும். பால் பொங்கின கதையை நளாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்துச் சிரித்துப் பிறகு அழுதுவிட்டாள்.

நளா அந்தக் கிளப்புக்குத் தானே ரெலிபோன் எடுத்துக் கேட்டாள். வெளிநாட்டில் இருப்பவர் நேரே வரத் தேவையில்லையாம். ஒரு வக்கீலுக்கு முன்னால் கையெழுத்து வைத்துத் தபாலில் அனுப்பினால் போதுமாம். அந்தப் பேப்பரை அனுப்புங்கள், வைத்து அனுப்புகிறேன். உங்களுக்கும் அலைச்சலில்லை, எனக்கும் இல்லை.

ஓகஸ்டில் தையல் கடையில் ஆள் குறைவு. ரிக்கற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அன்புடன்,
மலர்


பிளேஸ்டோ
15.7.1993

அன்புள்ள மலருக்கு,

சுகம். பேப்பர் இதனுடன் வருகிறது. புள்ளடி போட்ட இடத்தில் வைக்கவும்.

பத்மநாதன்


ஸ்காபுறோ
1.8.1993

அன்புள்ள நளா அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கையெழுத்து வைத்த பேப்பரை இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். பார்த்து எடுங்கள், கிழித்துவிடாதீர்கள்.

மெற்றில்டா குடும்பம் வீட்டுக்கு வருவதென்றால் மேலறை அலுமாரியில் இருக்கிற என் சேலைகளைக் கனகவல்லி அக்காவிடம் கொடுத்து வையுங்கள். கூறைச்சேலையை மட்டும் வெள்ளைத் துணியில் சுற்றி நீங்களே வைத்திருங்கள். பூச்சி அரிக்கும், இரண்டு மிளகு போடுங்கள்.

போன கடிதம் இரண்டு வரியில் வந்தது. முழங்கால் வருத்தமா?

அன்புடன்,
மலர்


ஸ்காபுறோ
3.10.1993

அன்புள்ள நளா அப்பாவுக்கு,

உங்கள் சுகத்தை இப்போது நான் கடவுளிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டு மாதமாக ஒரு கடிதமில்லை. ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் எடுத்தால் "சுகம், சுகம், பிள்ளை சுகமோ, வைக்கிறன்" என்கிறீர்கள். உங்களிடமிருந்து ஒரு வார்த்தை எடுப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை.

பேப்பர் கிடைத்ததா? கிளப்பில் கொடுத்தீர்களா? செப்டெம்பர் முடிந்துவிட்டதே. கனகவல்லி அக்கா எழுதியிருக்கிறா, பின்னேரத்தில் எங்கள் வீட்டில் லைற் எரிவதில்லையாம். கரவனில் போய்விட்டார் என்று நினைத்துக் கதவைத் தட்டினால், இருட்டுக்குள் இருந்து எழும்பி வந்தீர்களாம். "என்ன தம்பி இது?" என்று கேட்டதற்கு, "கறண்ட் மிச்சம் பிடிக்கிறன் அக்கா" என்றீர்களாம். இந்தக் கதையை வேறு யாருக்காவது சொல்லுங்கள்.

உங்கள் கடிதங்களை எடுத்து மறுபடி வாசித்தேன். எல்லாவற்றிலும் "உமக்கு விருப்பமென்றால்". கடைக்குப் போனாலும் அப்படித்தான், கலியாண வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். நளாயினிக்குக் கனடா மாப்பிள்ளை பேசி வந்தபோதும் அப்படித்தான் சொன்னீர்கள். முடிவெல்லாம் என் தலையில். பிழையாய்ப் போனால் நான்தான் பிழை. உங்களுக்கு என்ன விருப்பம்? ஒரு கடிதத்தில், ஒரே ஒருக்கால், அதை எழுதுங்கள். சண்டையென்றால் சண்டை போடுங்கள். நான் ஒன்றும் உடைந்துவிடமாட்டேன்.

மலர்


பிளேஸ்டோ
17.10.1993

அன்புள்ள மலருக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பேப்பர் கிடைத்தது. கிளப்பில் கொடுக்கவில்லை. சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. உமது கையெழுத்து வடிவாக, முழுப் பெயராக இருக்கிறது. "சிவமலர் பத்மநாதன்". அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. நான் கேட்டதைத்தானே நீர் செய்தீர், உம்மில் எப்படிக் கோபிக்கிறது? அதனால் எழுதாமல் இருந்தேன்.

எனக்குக் கையெழுத்து வேண்டியிருக்கவில்லை, மலர். அதற்காகவாவது நீர் வருவீர் என்று நினைத்தேன். வந்தால் ஒரு கிழமை நிற்பீர். ஒரு கிழமை நின்றால் திரும்பிப் போவது மறுகிழமைக்குப் பிந்தும். நளா இவ்வளவு கெட்டிக்காரியாய் ரெலிபோன் எடுத்துக் கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை.

நீர் பிளேனில் ஏறிப் போய் ஒரு வருஷமாகிறது. இந்த வீட்டில் இப்போது பானை சட்டிச் சத்தமில்லை. முன்பெல்லாம் வேலை முடிந்து வந்தால் மேலறையில் நீர் இருமுகிற சத்தம் கேட்கும், அது எனக்குப் போதுமாயிருந்தது. அந்தச் சத்தம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. லைற் போட்டால் ஒருவரும் உட்காராத வெறுங் கதிரைகள்தான் தெரிகின்றன, அதனால்தான் போடுவதில்லை. கறண்டுக் கதை பொய்.

நீர் கேட்டீர். எழுதுகிறேன். எனக்கு விருப்பம் நீர் வருவது. கரவன் வேண்டாமென்றால் கரவன் வேண்டாம். வாரும், மலர்.

பத்மநாதன்


ஸ்காபுறோ
7.11.1993

அன்புள்ள நளா அப்பாவுக்கு,

சுகமாயிருக்கிறேன். உங்கள் கடிதத்தைக் குளியலறைக்குள் பூட்டிக்கொண்டிருந்து வாசித்தேன். அழுதேன். சம்பந்தி அம்மா கதவைத் தட்டி "வயித்தாலை போகுதோ?" என்று கேட்டா. ஓம் என்று சொல்லிவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். நான் வரவில்லை. நளா எனக்கு இங்கே நிற்க ஸ்பொன்சர் பேப்பர் போட்டிருக்கிறாள். போடச் சொன்னது நான்தான்.

நீங்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. குடியில்லை, அடியில்லை, சம்பளம் அப்படியே கைக்கு வரும். கனகவல்லி அக்கா எப்போதும் சொல்லுவா, "உமக்கென்னப்பா, தங்கமான மனிசன்" என்று. ஓம், தங்கம்தான். தங்கம் பேசுமோ? நான் வேலையால் மத்தியானம் வந்துவிடுவேன். நளா மேலே படித்துக்கொண்டிருப்பாள். அவள் கலியாணம் கட்டிப் போன பிறகு அதுவுமில்லை. உங்கள் பஸ் சத்தமா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீங்கள் வருவீர்கள். "சாப்பாடு இருக்கோ?" என்பீர்கள். ரீவி போடுவீர்கள். நான் மேலே போய்ப் படுப்பேன். அந்த இருமல் நோய் வருத்தத்தில் வந்த இருமலல்ல. நான் முழித்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியட்டும் என்று இருமுவேன்.

கரவன் என்றதும் எனக்குப் பயம் வந்தது. குளிருக்கல்ல. அந்தச் சின்னப் பெட்டிக்குள் நீங்களும் நானும் எதிரெதிரே இருந்து பேசாமலிருப்பதை நினைத்துப் பார்த்தேன். வீட்டிலாவது எனக்கு மேலறை இருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். லண்டன் வந்த பதினைந்து வருஷத்தில் நீங்கள் என்னோடு கதைத்ததைவிட இந்த ஒரு வருஷத்தில் எழுதினது கூட. இடியப்ப உரலைத் தூக்கிக்கொண்டு கரவனுக்குள் வைத்துப் பார்த்த மனுஷனை எனக்கு முன்னம் தெரியாது. பால் பொங்கவிட்டுப் புகைக்குள் நின்ற மனுஷனையும் தெரியாது. நான் கடைக்குப் போயிருக்கிறேன் என்று சொன்ன மனுஷனைத் தெரியவே தெரியாது. அவரை எனக்குப் பிடித்திருக்கிறது. தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இந்த வயதில், வெட்கமாயிருக்கிறது. நான் அங்கே வந்தால் இந்த மனுஷன் எழுதமாட்டார். பேசவும் மாட்டார். இரண்டு மாதத்தில் ரீவிக்கு முன்னால் இருப்பார். அதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

இருட்டுக்குள் இருக்க வேண்டாம். கரவனில் உங்களுக்கு ஆசை இருக்கிறது, அது கடிதத்தில் தெரிகிறது. எனக்காக என்று அதைச் சொல்லாதீர்கள். உங்களுக்காக எடுங்கள், அல்லது விடுங்கள்.

மலர்


பிளேஸ்டோ
6.3.1994

அன்புள்ள மலருக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமென்று நம்புகிறேன். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று நளா ரெலிபோனில் சொன்னாள். படிக்கட்டுக்குத் தடுப்புப் போடச் சொல்லும்.

பதில் எழுத நான்கு மாதம் பிந்திவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதெல்லாம் உம்மோடு வழக்காடுகிற கடிதங்கள். பிறகு யோசித்தால் நீர் சொன்னதில் எதையும் மறுக்க முடியவில்லை. இருமல் விஷயத்தை மட்டும் நம்ப முடியாமல் இருந்தது. அதையும் நம்பிவிட்டேன்.

பஸ்தியாம்பிள்ளையிடம் சொன்னேன். அவர் கையை ஆட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார், அதிலேயே எனக்கு விஷயம் விளங்கியது. "அண்ணை, வீட்டுக்குள்ளை இருந்து நாலு சுவரைப் பாக்கிறதிலும் ரோட்டைப் பாக்கலாம். ரோட்டுத்தானே உங்களுக்குப் பழக்கம்" என்றார்.

இன்ஸ்பெக்டரின் கரவனை வாங்கிவிட்டேன். மெற்றில்டா குடும்பம் வீட்டுக்கு வந்துவிட்டது. மெற்றில்டா வந்த அன்றே எல்லா லைற்றையும் போட்டாள். சேலைகள் கனகவல்லி அக்காவிடம் இருக்கின்றன. கூறைச்சேலை என்னோடு கரவனில் வருகிறது, மிளகு போட்டிருக்கிறேன். இடியப்ப உரலைக் கனடா போகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். எனக்குப் பிழியத் தெரியாது.

நேற்றுக் கிளப்பின் கந்தோருக்குப் போனேன். இடங்களெல்லாம் இந்த மாதம் மறுபடி திறக்கின்றன. நீர் கையெழுத்து வைத்த பேப்பர் என் சட்டைப் பைக்குள் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் இரண்டு பேர் என்றே பதிந்துவிடுவார்கள், யாரும் வந்து எண்ணப்போவதில்லை. மேசையிலிருந்த பெண்பிள்ளை "உங்களுக்கு இரண்டு பேர் அங்கத்துவமா, தனி அங்கத்துவமா?" என்று கேட்டாள். கையைப் பைக்குள் விட்டுப் பேப்பரைத் தடவினேன். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். "தனி" என்றேன்.

முதல் மூன்று கிழமை நோர்போக் கரையில் நிற்பேன். விலாசம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். தபால் அந்தந்த இடத்துக் கந்தோருக்கு வருமாம், நான் போய்க் கேட்டு எடுக்க வேண்டும். இடம் மாறும்போதெல்லாம் புது விலாசம் முன்கூட்டியே எழுதுவேன். அங்கே ரீவி வேலை செய்யாது என்கிறார்கள். ஆகவே நிறைய எழுத நேரமிருக்கும்.

கடைசியாக அந்தப் பெண்பிள்ளை இன்னொன்றும் கேட்டாள். எனக்கு ஏதும் நடந்தால் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று. உமது பெயரையும் ஸ்காபுறோ விலாசத்தையும் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டு வந்தவள் பேனையை நிறுத்திவிட்டு, "கனடாவா? அவ்வளவு தூரத்தில் இருப்பவரா? இதைவிடக் கிட்ட உங்களுக்கு ஒருவருமில்லையா?" என்று கேட்டாள்.

இவதான் எனக்கு ஆகக் கிட்ட என்று சொன்னேன்.

உம்முடைய,
பத்மநாதன்